ராமுத்தாய் சித்தியின் சாவிப் பாட்டு

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் காலை ஏழு மணிக்கு ராமுத்தாய் சித்தியின் கைப்பேசி அடித்தால், சுற்றியிருக்கும் நாலைந்து பேர் கையிலிருக்கும் பூவைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பார்கள். சித்தி கூடைக்குள் கைவிட்டு அதைத் தேடி எடுப்பதற்குள் புல்லாங்குழல் முடிந்து, கனத்த ஆண்குரல் ஒன்று பாட ஆரம்பித்துவிடும். அவசரப்பட்டு எடுக்க மாட்டார். முதல் இரண்டு வரியைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் "அலோ" என்பார்.

அது எழவு வீட்டுப் பாட்டு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல்காரருக்கு முன்னால் ரேடியோ செட்காரர் வந்துவிடுவார். தென்னையிலோ வேம்பிலோ ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, அந்தப் பாட்டைத்தான் முதலில் போடுவார். உடம்பை வாடகை வீடாகவும் உயிரைக் குடித்தனக்காரனாகவும் வைத்து எழுதிய பாட்டு. குடித்தனக்காரன் அடுப்பை அணைத்து, வாசலைக் கூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவான். மூன்று சரணம். ஊரில் அதற்குச் 'சாவிப் பாட்டு' என்று பெயர். குழாயில் அது கேட்டதும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, அந்தத் திசையில் படுக்கையாகக் கிடந்தவர் யார் என்று பார்த்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அதைத்தான் சித்தி ரிங்டோனாக வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "நல்லாருக்குல்ல" என்பார். வேறு காரணம் எதுவும் கிடையாது.

சித்தி என்றால் என் அம்மாவோடு பிறந்தவர் இல்லை. ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் தோட்டமும் அவர்கள் தோட்டமும் ஒரே வரப்பு. எங்கள் தோட்டத்தில் தக்காளி, அவர்கள் தோட்டத்தில் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும். எங்கள் வீட்டில், எங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து எண்ணினாலும், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை என்று ஊரில் ஒரு புகார் உண்டு. பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது சித்திதான் முழங்கால் வரை தொங்கும் ஒரு மாலை கட்டிக் கொடுத்தார். மேடையில் என்னைவிட மாலைதான் அதிகம் தெரிந்தது. அன்றிலிருந்து கைப்பேசி, விண்ணப்பம், பாட்டு ஏற்றுவது என்று சித்தி வீட்டில் எது வந்தாலும், "ஏலே பழனி, படிச்சவன்தான நீயி, இதப் பாரு" என்று என்னிடம்தான் வரும்.

சித்திக்கு இந்த ருசி பதினோரு வயதில் தொற்றியது. அப்போது அவர் வீட்டில் ரேடியோ கிடையாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி மட்டும்தான் வைப்பார்கள், செய்தி முடிந்ததும் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அமர்த்திவிடுவார்கள். அந்த நேரம் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வடக்கே வேலையிலிருந்த மகன் ரயிலேறி வந்து சேர இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் புளிய மரத்துக் குழாயில் பாட்டு. ராமுத்தாய் பந்தலடியை விட்டு நகரவில்லை. "சின்னப் புள்ளைக்கு எம்புட்டு இரக்கம் பாரு" என்று ஊர் மெச்சியது. இறந்தவர் கறுப்பா சிவப்பா என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று சித்தியே பிறகு என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"கல்யாண வீட்டுல எவன்டா பாட்டுக் கேக்குறான்? ஒருத்தன் பந்தியப் பாக்குறான், ஒருத்தி அடுத்தவ கழுத்தப் பாக்குறா. எழவு வீட்டுலதான்டா அம்புட்டுப் பேரும் வாய மூடிக்கிட்டு உக்காந்து கேக்குறாங்க. அங்கதான் பாட்டுக்கு மரியாத."

அதற்குப் பிறகு நடக்கும் தூரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ராமுத்தாய் ஆஜர். எந்த ஊர்ச் செட்டில் குழாய் கிழிந்திருக்கிறது, எவர் மூன்றாவது சரணத்தை முழுதாக ஓடவிடாமல் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சித்தப்பா வேலுசாமியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தபோது, மாமியார் வீட்டில் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க செட்டு யாரு வச்சிருக்கா?"

பூ எடுக்கும்போது முனகிக்கொண்டேதான் எடுப்பார். கூட எடுக்க வரும் பெண்கள், "அக்கா, வேற எதாச்சும் பாடுக்கா. கூடையில இருக்குற பூவு இப்பவே வாடிப்போச்சு" என்பார்கள். சித்தி அசர மாட்டார். அந்தச் செண்டுமல்லியை விற்றுத்தான் மகள் ஜீவிதாவை மருந்தாளுநர் படிப்பு படிக்க வைத்தார். ஜீவிதா இப்போது நாகல் நகரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறாள். அவளுக்குப் பிடித்தது கொரியாக்காரப் பையன்கள் பாடுகிற பாட்டு.

காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில்தான் திண்டுக்கல் போவார்கள். இயர்போன் ஒன்றுதான். ஆளுக்கொரு காது. ஒரு கொரியாப் பாட்டு முடிந்தால் ஒரு எழவுப் பாட்டு, இப்படி மாற்றி மாற்றி.

"இவன் என்னடி சொல்றான்?"

"தெரியாதும்மா."

"தெரியாமயேவா கேக்குற?"

"நல்லாருக்குல்ல."

சித்தி சொந்தச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டார்.

போன ஆனியில் ஜீவிதாவுக்கு வடமதுரையிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. விக்னேஷ்குமார். கிணற்று மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. முதல் தடவை போனில் பேசும்போதே, "உங்களுக்குப் புடிச்ச பாட்டு என்னங்க?" என்று கேட்டிருக்கிறான். சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் பாட்டைக் கேட்டதால் ஜீவிதா அன்றைக்கே மனதுக்குள் சரி சொல்லிவிட்டாள். அவனுக்குப் பிடித்தது பறையும் கானாவும். அவன் பாட்டை இவள் கேட்டாள், இவள் பாட்டை அவன் கேட்டான். கொரியாப் பாட்டுக்கு மோட்டார் ரூமில் கால் தாளம் போடுவதாக எனக்கே ஒரு காணொளி வந்தது.

அந்த ஜோரில் விக்னேஷ்குமார் ஒரு யோசனை சொன்னான். கல்யாணத்துக்குக் கண்ட பாட்டைப் போட வேண்டாம். இரண்டு வீட்டு ஆட்களையும் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்ப்பது. ஆளுக்கு ஒரு பாட்டு, அவரவருக்கு உயிரான ஒரே ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். அதைத் திரட்டி மண்டபத்தில் போடுவது. திரட்டும் பொறுப்பு, சொல்ல வேண்டியதே இல்லை, பட்டதாரியான எனக்கு.

முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பாட்டுகள் வந்து குவிந்தன. ஒருவருக்குப் பழைய டூயட், ஒருவருக்குக் காவடிச் சிந்து, ஒருவருக்கு மாதா கோயில் திருவிழாப் பாட்டு. வேலுசாமிச் சித்தப்பாவுக்குப் பாட்டு என்றே ஒன்று தெரியாது. மூன்று நாள் யோசித்து, ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஒரு இசை வருமே, அதைப் போடு என்றார். நான் அனுப்பியது ராப். சித்தி அதைக் கேட்டுவிட்டு வரப்பு தாண்டி வந்தார்.

"ஏலே, இது பாட்டா, ஏலமா? ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏலம் விடுறவன்கூட இதவிடத் தெளிவாச் சொல்லுவானேடா."

"இதுல நிறைய அர்த்தம் இருக்கு சித்தி."

"இருக்கும்டா. அவன் எங்க நிறுத்திச் சொல்றான்?"

மறுநாள் காலை குழுவில் சித்தியின் குரல் வந்தது. பின்னால் பம்புசெட்டு ஓடுகிற சத்தம், நடுவில் சித்தியே சாவிப் பாட்டின் பல்லவியைப் பாடியிருந்தார். "இதான் என் பாட்டு. மூணு சரணமும் போடணும், சொல்லிட்டேன்" என்று கடைசியில் ஒரு வரி.

முப்பத்தெட்டுப் பேரும் கேட்டதற்கான நீலக் குறி விழுந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சற்று நேரம் கழித்துக் குழுவில் ஒரு வரி தோன்றியது: மாயம்மாள் வெளியேறினார்.

மாயம்மாள் என்பவர் விக்னேஷ்குமாரின் அம்மா. அதுவரை அவர் தன் பாட்டைச் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலை விக்னேஷ்குமார் ஜீவிதாவுக்குப் போன் செய்தான். "எங்கம்மா சாமி ரூமுல வெளக்கப் பொருத்தி வச்சு உக்காந்திருக்கு. கல்யாணம் பேசுன வாயால எழவுப் பாட்டப் பாடிட்டாங்களேன்னு ஒரே பொலம்பல். தப்பா எடுத்துக்காத ஜீவி, அந்தப் பாட்டு மட்டும் வேணாமே."

ஊருக்கும் சேதி பரவிவிட்டது. எங்கள் ரேடியோ செட் சோலைமுத்து அண்ணன் கூப்பிடாமலேயே வந்து நின்றார்.

"அக்கா, எங்கிட்ட ரெண்டு பென்டிரைவு இருக்கு. மஞ்சக் கயிறு கட்டுனது கல்யாணத்துக்கு. கறுப்புக் கயிறு கட்டுனது அதுக்கு. கேசட்டு காலத்துல இருந்து இருபத்தெட்டு வருசமா ரெண்டையும் ஒரே பையில வச்சதுகூட இல்ல."

"எந்தெந்தப் பையில வச்சிருக்க?"

"மஞ்ச, சட்டப் பையில. கறுப்பு, டவுசர் பையில."

"ரெண்டும் ஒரே ஆளு மேலதானடா தொங்குது?"

சோலைமுத்து அண்ணன் தன் சட்டையையும் கால்சட்டையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தில் அதைப் போட்டால் அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்துக்கும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் பயம்.

நான் படித்தவன் என்ற முறையில் நடுவில் புகுந்தேன். ஒலிக்கு நல்லது கெட்டது கிடையாது, அது காற்றின் அதிர்வு, அதிர்வெண் என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தேன். "தம்பி, அந்த அதிர்வெண்ணுக்குத்தான் நான் போன வாரம் மூணு வீட்டுல கொழா கட்டுனேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார்.

ஜீவிதா அம்மாவிடம் நேராகவே கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"யம்மா, எனக்குக் கல்யாணமா, ஒனக்குப் பாட்டுக் கச்சேரியா?"

"ஊருல அம்புட்டுப் பேரு பாட்டயும் கேட்டீங்க. ஒங்கப்பன் மழ வருமா வராதான்னு சொல்றதுக்கு முன்னாடி வாசிக்கிறதக்கூடச் சேத்துக்கிட்டீங்க. எம் பாட்டு மட்டும் ஆகாதா? ஒருத்தன் வீட்ட விட்டுப் போற பாட்டுதான? நீயும் வீட்ட விட்டுத்தான போற?"

"பாட்டு ஆகாதுன்னு யாரும்மா சொன்னா? அது போடுற எடம் இது இல்ல."

"எனக்குன்னு எடம் எங்கடி இருக்கு? ஒவ்வொரு தடவையும் எவனாச்சும் செத்தாத்தான் நான் எம் பாட்டக் கேக்கணுமா?"

சித்தி மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, விடு. ஒன் கல்யாணம்" என்று எழுந்து போனார். குழுவில் இருந்த குரல் பதிவை அழிக்கச் சொல்லி என்னிடம் கைப்பேசியை நீட்டினார். அழித்தேன். ரிங்டோனையும் மாற்றச் சொன்னார். எதை வைக்க என்றேன். "எதையாச்சும் வையி. சத்தமே வேணாம், அதிருனாப் போதும்" என்றார்.

மறுநாளிலிருந்து தோட்டத்தில் முனகல் இல்லை. பூ எடுக்கிற பெண்கள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் ஒருத்தி, "அக்கா, அந்தப் பழசையாவது பாடுக்கா. பூச்செடி சத்தம்தான் கேக்குது" என்றாள். சித்தி பாடவில்லை. பஸ்ஸில் இயர்போனின் ஒரு முனையை ஜீவிதா நீட்டினால், "நீயே கேளு, எனக்குக் காது வலிக்குது" என்றாராம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜீவிதா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வார்த்தை இல்லாமப் போட்டா?"

"என்னது?"

"சாவிப் பாட்டு. மெட்டு மட்டும். நம்ம கல்யாணத்துக்குப் பேண்டு செட்டு யாரு?"

பேண்டு செட்டு மேட்டுப்பட்டி கிளெமென்ட். கிளாரினெட் ஊதுகிறவர். நாற்பது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மாதா தேர், அடக்கம் எல்லாவற்றுக்கும் அதே கிளாரினெட்தான். நானும் ஜீவிதாவும் அவர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"ஊதுறவனுக்கு எல்லாம் காத்துதான் பாப்பா. மெதுவா விட்டா அழுவாங்க, வேகமா விட்டா ஆடுவாங்க. இப்பக் கேளு."

அதே மெட்டை இரண்டு மடங்கு வேகத்தில் எடுத்தார். உள்ளேயிருந்து அவர் பேரன் தாளத்துக்கு டப்பாவைத் தட்டினான். குடித்தனக்காரன் வாசலைக் கூட்டுகிற இடம், மாப்பிள்ளை குதிரையில் வருகிற இடம் மாதிரி இருந்தது. தெரிந்த எனக்கே பிடிபடவில்லை.

"வேகத்த மட்டும் கொறைச்சிராதீங்க மாமா" என்றாள் ஜீவிதா.

"சத்தியமாக் கொறைக்க மாட்டேன்" என்றார் கிளெமென்ட்.

ஆவணியில் முகூர்த்தம். பழனி ரோட்டு மேல் மண்டபம். தாலி கட்டியாயிற்று, பந்தியும் பாதிக்கு மேல் முடிந்தது. வெற்றிலை போட்ட வாயோடு ஆட்கள் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். வாசலில் இரண்டு மேசை நிறையத் தேங்காய் போட்ட தாம்பூலப் பைகளோடு நான் நின்றிருந்தேன். மேடையிலிருந்து ஜீவிதா கிளெமென்ட்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கிளெமென்ட் எடுத்தார். சொன்ன வேகம். பிள்ளைகள் ஆட ஆரம்பித்தன. ராமுத்தாய் சித்தி மோர்ச் செம்போடு பந்தியிலிருந்து வெளியே வந்தவர், முதல் வரியில் புருவத்தைச் சுருக்கினார். இரண்டாவது வரியில் செம்பு சாய்ந்து மோர் அவர் பட்டுச்சேலையிலேயே கொட்டியது. அவர் பார்க்கவில்லை. நேராக நடந்து போய்க் கிளெமென்ட்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. கிளெமென்ட் நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் ஊதுகிறார். அவருக்கு முன்னால் வந்து கண்ணை மூடிக் கேட்ட முதல் ஆள் சித்திதான். அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை. முதல் சரணம் முடிந்ததும் அவரும் கண்ணை மூடினார். இரண்டாவது சரணத்தில் வேகம் இறங்கியது. இறங்கி இறங்கி, புளிய மரத்துக் குழாயில் வருகிற அதே நடைக்கு வந்து நின்றது. நான் வாசலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன். கண்ணை மூடியவருக்கு எது தெரியும்?

எழவு வீட்டுக்கு என்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. புறப்படும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. மறுபடியும் அங்கே இப்படி ஒரு காரியத்துக்கு வர வேண்டாம் என்பதால். யாரிடமும் சொல்லாமல், கையில் எதையும் வாங்காமல், சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, எழுந்து எழுந்து போய்ப் பழகிய கால்கள் அங்கே முந்நூறு ஜோடி இருந்தன.

முதலில் பின்வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள். பிறகு ஒரு வரிசை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்கள், செருப்பைத் தேடினார்கள், என்னைத் தாண்டி, பைகளைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கினார்கள். நான் நீட்டிய பையை ஒருவரும் வாங்கவில்லை. சித்தப்பாவின் பங்காளி ஒருவர் என் காதருகே குனிந்து, "எப்ப எடுக்குறாங்களாம் தம்பி?" என்றார்.

"நீங்க சாப்பிட்டீங்களா சித்தப்பா?"

"சீ, எழவு வீட்டுல போயி..." என்று ஆரம்பித்தவர், நெற்றியில் இருந்த சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

பாட்டு முடிந்து கிளெமென்ட் கண்ணைத் திறந்தபோது மண்டபத்தில் முக்கால்வாசி நாற்காலி காலி. மேடையிலிருந்து விக்னேஷ்குமார் மாலையோடு இறங்கி ஓடி வந்தான்.

"மச்சான், எங்கம்மாவக் காணோம்!"

மண்டபம் முழுக்கத் தேடினோம். வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார் மாயம்மாள். அரக்குப் பட்டு, தலை கொள்ளாத பூ, கையில் பர்ஸ். வந்தது வேனில், நிற்பது திண்டுக்கல் பஸ்ஸுக்கு. அவரைச் சுற்றி எங்கள் சனம் நாற்பது, ஐம்பது பேர், பட்டும் சரிகையுமாக, வாயைத் திறக்காமல். அப்போதுதான் வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்கய்யா, கல்யாணமா, கருமாதியா? சேலைக்கும் மூஞ்சிக்கும் சம்பந்தமே இல்லையே!" என்றார்.

"யம்மா, எங்க கெளம்பிட்ட?" என்றான் விக்னேஷ்குமார்.

"வீட்டுக்கு."

"கல்யாணம்மா! என் கல்யாணம்!"

மாயம்மாள் மகனின் மாலையைப் பார்த்தார். தன் சேலையைப் பார்த்தார். "ஏலே, நான் எப்படா இங்க வந்தேன்?" என்றார். பிறகு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் சிவந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார்.

"அந்தப் பாட்ட ஊதச் சொன்னது யாரு?"

கிளெமென்ட் கிளாரினெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சித்தி மோர் ஈரத்தோடு முன்னால் வந்தார். அவருக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. ஆனாலும், "நான்தான், சம்பந்தி. எம் பாட்டுதான். என்னயச் சொல்லுங்க, புள்ளையச் சொல்லாதீங்க" என்றார்.

"அம்மா இல்ல அத்தே. நான்தான் ஊதச் சொன்னேன்" என்றாள் ஜீவிதா. "பத்து நாளா எங்கம்மா ஒரு வரி பாடல. அத விட்டுட்டு எப்படி வண்டியேறுறதுன்னு எனக்குத் தெரியல."

சித்தி மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்கும் அளவுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மாயம்மாள் கையை இடுப்பில் வைத்தபடி நின்றார். திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆனால் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. பெண் வீட்டு சனம் சொல்லாமல் போய்விட்டது என்று குற்றம் சொன்னால், மாப்பிள்ளையின் தாயே சொல்லாமல் போனதை என்ன சொல்வது?

"எல்லாரு பாட்டையும் கேட்டீங்க" என்றார் கடைசியில். "எம் பாட்டு என்னன்னு ஒரு நாதி கேட்டுச்சா?"

"நீங்கதான் மதினி குழுவ விட்டே போயிட்டீங்க" என்றார் சித்தி.

"போனா, வாங்கன்னு கூப்புடக் கூடாதா?"

"சரி, இப்பக் கேக்குறேன். ஒங்க பாட்டு என்ன?"

மாயம்மாள் பர்ஸை விக்னேஷ்குமாரிடம் கொடுத்தார். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினார். "எழவுப் பாட்டுக்குக் காலு வெளிய போச்சுல்ல? கும்மிக்கு உள்ள வரட்டும்" என்றார்.

அவர் பிறந்த ஊரில் முளைப்பாரிக்குக் கும்மி எடுத்துக் கொடுப்பது அவர்தானாம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. விக்னேஷ்குமாருக்கே தெரியாது. எந்தப் பென்டிரைவிலும் இல்லாத பாட்டு. சோலைமுத்து அண்ணன் எந்தப் பையில் கைவிடுவது என்று தடுமாறி, பேசாமல் மைக்கை நீட்டினார். மாயம்மாள் முதல் அடி எடுத்தார். கணீரென்ற குரல், பக்கத்து ஊருக்குக் கேட்கவே மைக் வேண்டியதில்லை. கிளெமென்ட் இரண்டாவது அடியிலேயே மெட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் கும்மி ஒரு ஆள் கொட்டுகிற காரியம் இல்லையே. மாயம்மாள் ஒரு சுற்று தனியாகக் கொட்டிவிட்டு, "என்ன மதினி, வேடிக்கையா பாக்குற?" என்றார். சித்தி சேர்ந்தார். கல்யாணப் பெண் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு இறங்கினாள். பூ எடுக்கிற பெண்கள் வந்தார்கள். ஏற இடமில்லாமல் அடுத்த பஸ்ஸுக்காக ஸ்டாப்பிலேயே நின்றவர்கள் குழாயில் கும்மிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்கள். கும்மி கொட்டுகிற இடத்தைப் பார்க்காமல் போகிற கால் எங்கள் பக்கத்தில் இல்லை. ஒருவர் பின் ஒருவராக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். வெட்கத்தோடு செருப்பைக் கழற்றினார்கள். ஆளாளுக்கு, "ஒண்ணுக்குப் போனேன்", "ஒரு போன் வந்துச்சு" என்று நான் கேட்காமலேயே காரணம் சொன்னார்கள். பையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் பஸ்ஸேறி ஒட்டன்சத்திரம் வரை போய்விட்ட எட்டுப் பேரைத் தவிர எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பத் தயாரானது. ஜீவிதா அழுதாள், சித்தப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு அழுதார், நானும் கொஞ்சம் அழுதேன். சித்தி அழவில்லை. வேனின் ஜன்னலருகே போய், மகளின் தலைப்பூவைச் சரிசெய்துவிட்டு, பக்கத்து சீட்டிலிருந்த மாயம்மாளிடம், "பாத்துக்கங்க மதினி" என்றார்.

"அதெல்லாம் பாத்துக்குவேன்" என்ற மாயம்மாள், அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "ஏன் மதினி, அந்த மூணாவது சரணத்துல சாவிய வாங்கிக்கிட்டு வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரு? ரெண்டாவதுலயே நான் பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டேன். எங்க ஊரு செட்டுக்காரன் எப்பவும் அதப் போடாம நிறுத்திருவான்."

"இங்கயும் பாதி ஊருல நிறுத்திருறானுக மதினி, பாவிப் பயலுக" என்றார் சித்தி. சுற்றிலும் பார்த்தார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாயம்மாளின் காதருகே குனிந்து முனக ஆரம்பித்தார்.

டிரைவர் சாவியைத் திருகப் போனார். ஜீவிதா அவர் தோளைத் தொட்டு, "செத்த நேரம் இருங்கண்ணே" என்றாள்.

நான் நின்ற இடத்துக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மாயம்மாளின் தலை மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.